வண்டியை நிறுத்தும் எண்ணெய்

மோட்டார் வண்டியை ஓடச் செய்தவர்களின் பெயர்களை நம்மில் பலர் அறிவோம். கார்ல் பென்ஸ் என்றும் ஹென்றி போர்டு என்றும் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லுவார்கள். ஆனால் ஓடுகிற வண்டியை நிறுத்தக் கற்றுக்கொடுத்தவர்கள் யாவர் என்று கேட்டால் விடை எளிதில் வருவதில்லை. ஓட்டத்துக்கு உள்ள புகழ் நிறுத்தத்துக்கு இல்லை போலும். அந்த நிறுத்தத்தின் வரலாற்றில் ஓர் எண்ணெய்க்கு முக்கியமான இடம் உண்டு. பட்டறைகளில் அதனைப் பிரேக் ஆயில் என்பார்கள். ஒரு காரில் அது அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அந்தச் சிறிதளவு திரவம் கசிந்து போனால் வண்டி நில்லாது. கசிந்தது மிகச் சூடான இடத்தில் விழுந்தால் தீயும் பற்றக் கூடும். ஒரே கசிவில் இரண்டு அபாயங்கள் அடங்கியிருக்கின்றன. இவை இரண்டையும் மனிதன் எவ்வாறு எதிர்கொண்டு வந்திருக்கிறான் என்பதையும், இன்று பழைய கார் வைத்திருப்போர் அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதையும் இப்பேச்சில் ஆராய்வோம்.

நேயர்களுள் வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இச்செய்தி தனிப்பட்ட முறையிலும் பயன்படும். பெங்களூரிலிருந்து ஒசூர் செல்லும் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் ஹெப்பகோடி வருகிறது. அதையடுத்துப் பொம்மசந்திரா, அப்பால் அத்திப்பள்ளியோடு கர்நாடக எல்லை முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. இவ்வட்டாரத்துத் தொழிற்சாலைகளையும் அலுவலகங்களையும் நம்பி வந்து குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னாளிரவு இச்சாலையில் தெற்கு நோக்கிச் செல்லும் கார்களில் புதியவை இருப்பது போலவே, தந்தையார் வாங்கி வைத்துப் போனதும், கைமாறி வந்ததுமான பழைய கார்களும் இருக்கும். அவற்றின் பிரேக்கைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

வண்டியை நிறுத்தும் கலை நமக்குப் புதிதன்று. கோயில் தேர் வீதியில் வரும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுத்து அதனை நிறுத்துவதையும் திருப்புவதையும் நாம் கண்டிருக்கிறோம். கட்டை போடுகிறவர் கண நேரம் தவறினாலும் விபரீதம் நேரும். தேரிழுக்கும் கை ஆயிரம் இருந்தாலும், கட்டை போடும் கை தேர்ந்த சிலருடையதாகவே இருக்கும். அக்கலை இன்று அடைந்துள்ள மாறுதலுக்குத் திருவாரூர் ஆழித்தேரே சான்று. அத்தேருக்குத் திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். முட்டுக்கட்டையும் உடன் இருக்கிறது. திரவத்தின் அழுத்தமும் உடன் வேலை செய்கிறது.

மோட்டார்க் கார் தோன்றிய காலத்தில் அதன் பிரேக் கம்பிகளாலும் கயிறுகளாலும் நெம்புகோல்களாலும் ஆனது. காலால் மிதித்தால் கம்பி இழுபடும். இழுபட்ட கம்பி சக்கரத்தைப் பற்றும். இதில் ஒரு குறை இருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் கம்பிகள் ஒரே அளவாக இழுபடுவதில்லை. ஒரு சக்கரம் முன்னதாகப் பற்றிக்கொள்ள, மற்றொன்று பின்தங்க, வண்டி ஒரு பக்கமாகச் சாயும். வாரந்தோறும் கம்பிகளை முறுக்கிச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இக்குறையை நீக்க உதவியது, பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட ஒரு விதி. மூடிய கலத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அவ்வழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது அது. கம்பிக்குப் பதிலாகக் குழாயில் திரவத்தை அடைத்து அழுத்தினால் நான்கு சக்கரங்களும் ஒரே அழுத்தத்தைப் பெறும் அல்லவா? அமெரிக்காவைச் சேர்ந்த மால்கம் லாக்ஹீடு என்பவர் இவ்வெண்ணத்துக்கு உருக்கொடுத்து 1917 இல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் விமானத் தொழிலில் பெயர் பெற்ற லாக்ஹீடு சகோதரர்களுள் இவர் ஒருவர். 1921 இல் வெளிவந்த டியூசன்பெர்க் கார், நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக் பெற்ற முதல் கார் என்ற சிறப்பை அடைந்தது.

இங்கே கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. இப்புதிய பிரேக்கோடு கசிவும் உடன் பிறந்தது. சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் நகரும் பிஸ்டனைச் சுற்றித் திரவம் வழியாமல் காக்க, முதலில் தோலால் ஆன அடைப்புகளையே இட்டார்கள். தோல் காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் வழியும். 1924 இல் தமது முதற் காரை வெளியிட்ட கிரைஸ்லர் நிறுவனத்துப் பொறியியலார் தோலுக்குப் பதிலாக ரப்பர்க் கிண்ணங்களை அமைத்தனர். அதன் பிறகே திரவ பிரேக் நம்பத்தக்கதாயிற்று. ஆயினும் ஹென்றி போர்டு உடனே இணங்கவில்லை. திரவம் வழிந்து போகும், இரும்புக் கம்பி வழிந்து போகாது என்பது அவர் தரப்பு வாதம். போர்டு கார்களில் திரவ பிரேக் வந்தது 1939 ஆம் ஆண்டு மாதிரிகளில்தான். அவர் பிடிவாதத்தைப் பலர் பழித்தனர். ஆனால் அவர் கொண்ட ஐயம் அடிப்படையற்றதன்று என்பதைப் பிற்கால வரலாறு காட்டுகிறது.

இனி, குழாயில் அடைக்க எந்தத் திரவம் ஏற்றது என்ற வினா எழுந்தது. தண்ணீர் மலிவு, ஆனால் குளிர்நாட்டில் உறைந்துவிடும், இரும்பைத் துருவேற்றும், 100 டிகிரி சென்டிகிரேடில் கொதித்துவிடும். நிலத்திலிருந்து எடுக்கும் பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதச்செய்து கெடுக்கும். அக்காலத்து ரப்பரெல்லாம் மரத்துப் பாலில் செய்த இயற்கை ரப்பர். அதற்குக் கேடு செய்யாமல், வழுவழுப்பும் தரக்கூடிய எண்ணெயைத் தேடியபோது கிடைத்தது நம் நாட்டுக்கு மிகப் பழக்கமான ஒன்று: ஆமணக்கெண்ணெய். சேலம், நாமக்கல் பக்கத்துப் புன்செய்களில் இன்றும் விளைகிற அதே ஆமணக்கு. உலகில் ஆமணக்கை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியாவே. முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றின் எஞ்சின்களுக்கும் வழுவழுப்பூட்டியது இவ்வெண்ணெய்தான். காஸ்ட்ரால் என்ற புகழ்பெற்ற எண்ணெயின் பெயரும் ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்ததே.

ஆமணக்கெண்ணெய் தனியே மிகவும் கெட்டியானது. குளிரில் குழாய்க்குள் நகராது. ஆகவே அதனுடன் ஆல்கஹாலைக் கலந்து நீர்த்தார்கள். இக்கலவையே பல ஆண்டுகள் உலகத்துக் கார்களை நிறுத்தி வந்தது. ஆமணக்கெண்ணெய்க்குத் தமிழில் உள்ள மற்றொரு பெயரை நினைத்துப் பாருங்கள். விளக்கெண்ணெய் என்கிறோம். திரியிட்டால் எரியும் என்பதைப் பெயரே சொல்லுகிறது. அதனோடு எளிதில் தீப்பற்றும் ஆல்கஹாலும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? வண்டியை நிறுத்துவதற்கென்று குழாய்க்குள் அடைத்தது, அடுப்பை மூட்டவும் தகுந்த ஒரு கலவையைத்தான்.

அக்கலவையின் மற்றொரு குறை கொதிநிலை. சாதாரண ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும். அதைவிடக் கனமான பியூட்டனால் என்ற வகையும் ஏறத்தாழ 118 டிகிரியில் கொதித்துவிடும். மலைச்சரிவில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்து இறங்கும்போது உராய்வால் எழும் வெப்பம் திரவத்தை எட்டும். திரவம் கொதித்து ஆவியானால் குழாய்க்குள் குமிழிகள் தோன்றும். திரவத்தை அழுத்திச் சுருக்க இயலாது. ஆவியையோ பஞ்சு போல் அழுத்தலாம். ஓட்டுபவர் பெடலை மிதிப்பார். பெடல் தரை வரை செல்லும். வண்டியோ நில்லாமல் போகும். திரவம் ஒரு துளியும் சிந்தாமலே பிரேக் இல்லாமற் போவது இப்படித்தான்.

இந்நிலையில் நம் நாட்டுக் கதையைச் சிறிது பார்ப்போம். 1942 இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1944 இல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1948 இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் என்று கார்த் தொழில் இந்நாட்டில் வேரூன்றியது. 1953 இல் சுங்கவரிக் குழுவின் பரிந்துரைப்படி, உதிரிப் பாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே செய்ய முன்வரும் ஆலைகளுக்கே இடம் என்று அரசு முடிவு செய்ததும், பாகங்களை இறக்குமதி செய்து இங்கே பூட்டி விற்றுவந்த அமெரிக்கக் கம்பெனிகள் வெளியேறின. அதன் பின்னர் உத்தரபாராவின் அம்பாசிடர், பம்பாயின் பியட், வண்டலூரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையே இந்தியச் சாலைகளின் கார்களாயின. பிரேக் பாகங்களை உள்நாட்டிலேயே செய்யும் முயற்சியில் தமிழ்நாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. மதுரையில் 1911 இல் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம், இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு கூட்டாக 1962 இல் பிரேக்ஸ் இந்தியா என்ற தொழிற்சாலையைச் சென்னைக்கு அருகிலுள்ள பாடியில் நிறுவியது. இன்று நாடெங்கும் ஓடும் வண்டிகள் பலவற்றை நிறுத்துவது பாடியில் பிறந்த அத்தொழிலே.

அக்காலத்தில் புதிய கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே வாங்கிய காரை எளிதில் கழிக்க மாட்டார்கள். தேய்ந்ததை மாற்றி, உடைந்ததை ஒட்டி, இருபது முப்பது ஆண்டுகள் ஓட்டுவது வழக்கமாயிற்று. 1958 முதல் செய்யப்பட்டுவந்த அம்பாசிடரின் உற்பத்தி 2014 இல்தான் நின்றது என்றால், பழைய வடிவங்கள் நம்மிடம் எவ்வளவு நீண்ட ஆயுள் பெற்றன என்பது விளங்கும். இச்சிக்கனம் பாராட்டத்தக்கதே. ஆனால் அக்காலத்துக் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்றுத்தான். எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே பிரேக் இழக்கும். இரட்டைச் சுற்று முறை, அதாவது ஒரு சுற்றுக் கெட்டாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும் முறை, அமெரிக்கக் கார்களில் 1960களில் பரவி, பின்னர் எங்கும் பொதுவாயிற்று. கசிவை ஒழிக்க முடியாது, கசிந்தாலும் உயிர் பிழைக்க வழி வேண்டும் என்று பொறியியலார் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

திரவமும் மாறியது. 1953 இல் பிரான்ஸ் தேசத்து லெமான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பிறகு, டிஸ்க் பிரேக் மெல்ல மெல்லச் சாதாரணக் கார்களுக்கும் வந்தது. டிஸ்க் பிரேக்கில் வெப்பம் திரவத்தை நெருங்கி நிற்கும். விளக்கெண்ணெய்க் கலவை அதற்கு ஈடுகொடுக்க இயலாது. அதனிடத்தில் கிளைக்கால் ஈதர் எனப்படும் இரசாயனத் திரவங்கள் வந்தன. இன்று கடையில் வாங்கும் புட்டியின்மேல் டாட் 3, டாட் 4 என்று எழுதியிருக்கக் காண்கிறோம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வகுத்த தர எண்கள் அவை. புதிய டாட் 3 திரவம் 205 டிகிரிக்குக் குறையாமலும், டாட் 4 திரவம் 230 டிகிரிக்குக் குறையாமலும் கொதிநிலை கொண்டிருக்க வேண்டும். பழைய கலவையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

ஆயினும் இப்புதிய திரவத்துக்கு ஒரு குணம் உண்டு. உப்பு மழைக்காலத்தில் நீர்த்துப் போவது போல, இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ரப்பர்க் குழாயின் வழியாகவும், தொட்டியின் மூடியின் வழியாகவும் ஈரம் நுழையும். நூற்றுக்கு 3.7 பங்கு அளவில் நீர் சேர்ந்த நிலையில் சோதிக்கும்போது டாட் 3 க்கு விதித்த கொதிநிலை 140 டிகிரிதான். டாட் 4 க்கு 155 டிகிரி. பார்வைக்குத் தொட்டி நிரம்பியிருக்கும்; உள்ளே இருப்பதோ பாதி வலிமை இழந்த திரவம். சேர்ந்த நீர் சிலிண்டரைத் துருப்பிடிக்கவும் செய்யும். துரு ரப்பரைக் கீறும். கீறிய வழியே கசியும். இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுதும் மாற்றச் சொல்லுவது விற்பனைக்காக மட்டும் அன்று.

தீயைப் பற்றி இனிச் சொல்லுவோம். கிளைக்கால் திரவம் பெட்ரோலைப் போல ஒரு பொறியில் குப்பென்று பற்றுவதன்று. சாதாரண வெப்பத்தில் தீக்குச்சியை அருகே காட்டினாலும் எளிதில் பற்றாது. 100 டிகிரிக்கு மேல் சூடான பின்னரே, பற்றக் கூடிய அளவு ஆவி அதிலிருந்து எழும். சுமார் 300 டிகிரியோ அதற்கு மேலோ உள்ள வெப்பத்தில் சுடர் எதுவும் இன்றியே தானாகப் பற்றிக்கொள்ளும். அவ்வளவு சூடான இடம் காரில் எங்கே என்று கேட்கலாம். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிபோல்டு என்ற இரும்புக் குழாய், பாரத்தோடு மேடேறும்போது 400, 500 டிகிரி வரையிலும் சூடாகக் கூடும். பழைய கார்கள் பலவற்றில் பிரேக் ஆயில் தொட்டியும் மாஸ்டர் சிலிண்டரும் அதே எஞ்சின் அறைக்குள்தான் இருக்கின்றன. தொட்டியின் அடியிலோ குழாய் மூட்டிலோ கசிந்த துளி அச்சூட்டின்மேல் விழுந்தால் முதலில் புகை எழும். வழிவது நில்லாவிட்டால் சுடரும் எழலாம். பெட்ரோல் சூடான இரும்பில் விழுந்தவுடன் பெரும்பாலும் ஆவியாகிப் பறந்துவிடும். பிரேக் ஆயிலோ கனமானது. அது அங்கேயே தங்கிக் காயும், காய்ந்து பற்றும். இக்காரணத்தால் சூடான இரும்பைப் பொறுத்தவரை பெட்ரோலைக் காட்டிலும் பிரேக் ஆயில் எளிதில் பற்றுவதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

கார்களில் நேரும் தீ விபத்துகளுக்குப் பெட்ரோல் கசிவும் மின்கம்பிக் கோளாறும் முக்கியமான காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. பிரேக் ஆயில் அவற்றோடு வைத்து எண்ணத் தக்கது. ஆனால் மற்ற இரண்டையும் அஞ்சும் நாம் இதனை அஞ்சுவதில்லை. பெட்ரோல் வாடை வந்தால் உடனே வண்டியை நிறுத்துவோம். பிரேக் ஆயில் குறைந்தால் புட்டியைத் திறந்து ஊற்றிவிட்டு நடையைக் கட்டுவோம். இதில்தான் அபாயம் இருக்கிறது.

ஓடும் வண்டிக்கு மட்டும் உரிய அபாயமும் அன்று இது. அமெரிக்காவில் போர்டு நிறுவனத்தின் கார்கள் பலவற்றில், வேகத்தை நிலைநிறுத்தும் கருவியை விடுவிக்கும் சிறு மின்விசை ஒன்று பிரேக் திரவச் சுற்றோடு இணைக்கப்பட்டிருந்தது. திரவத்தையும் மின்சாரத்தையும் பிரித்து நின்றது மெல்லிய ஒரு படலம். நாளடைவில் படலம் விரிசல் கண்டு திரவம் மின்விசைக்குள் புகுந்தது. உள்ளே அரிப்பு ஏற்பட்டது. பாட்டரியிலிருந்து எந்நேரமும் மின்சாரம் வந்துகொண்டிருந்தமையால் அவ்விடம் சூடேறித் தீப்பற்றியது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு, உரிமையாளர் உறங்கச் சென்ற பிறகு கொட்டகையில் நின்ற கார்கள் எரிந்தன. 1999 இல் தொடங்கி 2009 வரை பல தவணைகளில் அந்நிறுவனம் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய நேர்ந்தது. அதே வகைக் கதை மீண்டும் நிகழ்ந்தது. 2023 செப்டம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் சுமார் 34 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தன. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கருவிக்குள் பிரேக் ஆயில் கசிந்து மின்சுற்றைக் குலைத்துத் தீ உண்டாக்கக் கூடும் என்பதே காரணம். சரிசெய்யும் வரை வண்டியை வீட்டை ஒட்டி நிறுத்தாமல் வெட்டவெளியில் நிறுத்துமாறு உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. விளக்கெண்ணெய் போய் நூறு மாறுதல்கள் வந்த பின்பும் கசிவு தன் பழைய வேலையைக் கைவிடவில்லை என்பதை இவை உணர்த்துகின்றன.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் உண்டு. 2012 இல் கார் உற்பத்தியாளர் சங்கம், பழுதுள்ள வண்டிகளைத் தாமாகத் திரும்ப அழைக்கும் நெறிமுறையை வகுத்தது. 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, அவ்வாறு திரும்ப அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்திருக்கிறது. ஆனால் அதன்கீழ் 2021 இல் வந்த விதிகள் ஏழாண்டுக்கு உட்பட்ட வண்டிகளையே கருத்திற் கொள்கின்றன. பதினைந்து ஆண்டு முடிந்து, பதிவைப் புதுப்பித்து ஓட்டும் காருக்கு அவ்வழியில் அழைப்பு வாராது. செய்த ஆலையே மூடப்பட்டுவிட்ட அம்பாசிடரையும் பத்மினியையும் யார் திரும்ப அழைப்பார்கள்? பழைய காரின் பிரேக்குக்கு அதன் சொந்தக்காரரே காவல்.

இப்போது வெளிமாநிலத் தமிழரின் நிலைக்கு வருவோம். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய கார் பெங்களூர்த் தெருவில் நிற்கிறது. அன்றாடம் அலுவலகம் செல்ல அது தேவைப்படுவதில்லை. 2025 ஆகஸ்டு 10 ஆம் நாள் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோ மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்டதும், ஹெப்பகோடிக்கும் ரயில் நிலையம் கிடைத்துவிட்டது. நெரிசலில் வண்டி ஓட்டும் தொல்லை குறைந்தது நல்லதே. ஆனால் கார் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. நிற்கிற கார் கெடாது என்று நாம் எண்ணுகிறோம். பிரேக்கைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. அசைவின்றி நிற்கும்போது ரப்பர் கிண்ணம் இறுகி வெடிப்பு விடும். திரவம் ஈரத்தை உறிஞ்சும். வீல் சிலிண்டருக்குள் துரு ஏறிப் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். கைப்பிரேக் போட்டபடி மழையில் நின்றால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

மாதக்கணக்கில் இவ்வாறு நின்ற காரில் ஒரு நாள் மாலை பெட்டிகளை ஏற்றி, குடும்பத்தோடு, கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகப் புறப்படுகிறோம். சிக்கிய பிஸ்டன் பிரேக்கை முழுதும் விடுவிப்பதில்லை. சக்கரம் உராய்ந்துகொண்டே சுழலும். டிரம் பழுக்கக் காயும். அச்சூட்டில் ரப்பர் இளகி எண்ணெய் வழியும். சக்கரத்திலிருந்து புகை வரும். கவனியாமல் விட்டால் டயருக்கும் தீ பரவலாம். அதே நிலையில் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர்க் கணவாயை அடைகிறோம். இறக்கத்தில் எத்தனையோ விபத்துகளைக் கண்ட இடம் அது. ஈரம் சேர்ந்த திரவம் கொதிப்பதற்கு அதைக் காட்டிலும் தகுந்த இடம் வேண்டுவதில்லை. மாதத்தில் பல நாள் ஓடும் வண்டியில் பெடல் தளர்வதை ஓட்டுபவர் முன்னரே உணர்ந்திருப்பார். ஆண்டில் மூன்று முறை மட்டும் ஓடும் வண்டியிலோ, குறை முதன்முதலில் தெரிவது அந்த இறக்கத்தில்தான்.

இதற்குப் பரிகாரம் அரிதன்று, செலவும் அதிகமில்லை. பயணத்துக்கு முன்னாளன்று அல்ல, இரண்டு வாரம் முன்னதாகவே வண்டியைப் பார்க்க வேண்டும். இரவில் காருக்கடியில், நான்கு சக்கரங்களின் உட்புறத்திலும் எஞ்சினுக்குக் கீழும் பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறை தெரிந்தால் அது எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பிரேக் ஆயில் புதிதாயின் வெளிர் மஞ்சளாகவும், பழையதாயின் பழுப்பாகவும் இருக்கும், தொட்டால் வழுவழுக்கும், வண்டியின் வண்ணத்தின்மேல் பட்டால் வண்ணம் உரியும். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாய் இருந்தால் வீல் சிலிண்டர் வழிகிறது என்று பொருள். பெடலுக்கு மேலே, ஓட்டுபவரின் காலடியில் ஈரம் கண்டால் மாஸ்டர் சிலிண்டரை ஐயுற வேண்டும்.

பெடலை மிதித்து அப்படியே அழுத்தி வைத்துப் பாருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ அழுத்தம் கழிகிறது. இரண்டு மூன்று முறை அடித்து அடித்துப் பிடித்தால்தான் பிரேக் பிடிக்கிறது என்பதை ஒரு பழக்கமாக்கிக்கொண்டு ஓட்டுவோர் உண்டு. அது ஓட்டும் திறமையன்று. வண்டி விடுக்கும் எச்சரிக்கை. தொட்டியில் அளவு குறைவதற்கு பிரேக் பட்டை தேய்வதும் ஒரு காரணமாகலாம்; ஆனால் ஒருமுறை ஊற்றியது சில வாரங்களில் மீண்டும் குறைந்தால் அது கசிவே. ஊற்றுவது மருந்தாகாது, வழியும் இடத்தைக் கண்டு ரப்பர் கிண்ணத்தையோ ஹோஸையோ மாற்ற வேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ ஊற்றுவது பெருங்கேடு. நூறாண்டுக்கு முன் பெட்ரோலிய எண்ணெயை ஒதுக்கியதற்குச் சொன்ன காரணம் இன்றும் மாறவில்லை. ரப்பர் அனைத்தும் ஊதிக் கெட்டுவிடும். எந்த எண்ணுள்ள திரவம் வேண்டும் என்பது தொட்டியின் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். சிலிக்கோனால் ஆன டாட் 5 திரவத்தை மற்றவற்றோடு கலக்கலாகாது. வேலை முடிந்ததும் எஞ்சின் அறையில் சிந்தியதை அப்படியே விட்டுவிடாமல் எஞ்சின் ஆறிய பின் நீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். கிளைக்கால் திரவம் நீரில் கரையும், எளிதில் போய்விடும்.

வழியில் புகையோ காரமான நெடியோ தெரிந்தால் ஊர் வரட்டும் என்று ஓட்ட வேண்டாம். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முதலில் ஆட்களை இறக்கித் தொலைவில் நிற்க வையுங்கள். முன்மூடியின் உள்ளே தீ என்று தோன்றினால் அதனை முழுதும் திறக்கலாகாது. காற்றுப் புகுந்து தீ ஓங்கும். தூள் வகைத் தீயணைப்பான் கையில் இருந்து, தீயும் சிறிதாக இருந்தால் பயன்படுத்தலாம். இல்லையேல் 112 என்ற எண்ணை அழைத்துவிட்டு விலகி நிற்பதே அறிவுடைமை. காரை மீண்டும் வாங்கலாம்.

பழைய கார் வைத்திருப்பது குற்றமன்று. அதில் சிக்கனமும் உண்டு, பெரியோர்மேல் உள்ள பற்றும் உண்டு. லாக்ஹீடு காலத்துத் தோல் அடைப்பு ரப்பராயிற்று, விளக்கெண்ணெய் கிளைக்காலாயிற்று, ஒற்றைச் சுற்று இரட்டையாயிற்று. ஒவ்வொரு மாறுதலும் அபாயத்தைச் சற்று அப்பால் தள்ளியதே தவிர அறவே ஒழிக்கவில்லை. எஞ்சியுள்ள பங்கு, காருக்கடியில் குனிந்து பார்க்கும் கண்ணைச் சார்ந்தது. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் தம் கட்டையை விழாவுக்கு முன்பே தட்டிப் பார்த்து எடுத்து வைப்பார். அந்த முன்கருதலை நம் வண்டிக்கும் காட்டுவோமானால், சொந்த ஊருக்குப் போகும் பயணமும் திரும்பி வரும் பயணமும் இனிதே அமையும்.